மடிப்பின் மேல் ஓடும் தூரிகை

அவையோர் அனைவருக்கும் வணக்கம். சீன விசிறி ஓவியத்தைப் பெரிய சுருள் ஓவியத்தின் சிற்றுருவம் என்று சொல்லிக் கடந்துபோவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. விசிறியின் வடிவமே சுருள் ஓவியத்தில் எழாத சிக்கல்களை எழுப்பி, அவற்றுக்கான விடைகளை ஓவியனிடமிருந்து வரவழைத்தது என்பதே என் வாதம்.

சொங் அரசர்களின் காலத்தில் (960–1279) செல்வாக்குடன் இருந்தது வட்ட விசிறி. பசையும் படிகாரமும் கலந்த நீரைப் பட்டில் பூசி, மை ஊறிப் பரவாதபடி பக்குவம் செய்து வரைந்தார்கள். அரசவை ஹாங்சௌ நகருக்குப் பெயர்ந்த பிறகு, அரசவை ஓவியர் மா யுவான் காட்சியை ஓரத்துக்கு ஒதுக்கி, எஞ்சிய பட்டுப்பரப்பை மூடுபனிக்கு விட்டுவிடுவதில் பேர்பெற்றார்; 'ஒரு மூலை மா' என்று அவருக்குப் பட்டப்பெயரே உண்டு. கையகல வட்டத்துக்கு இந்த அமைப்பு வெகுவாகப் பொருந்தியது.

ஜப்பானிலிருந்து வந்த மடக்கு விசிறி, மிங் காலத்தில் (1368–1644) பரவலானபோது சிக்கல் கூடியது. மேலே வளைந்து அகன்றும் கீழே குறுகியும் இருக்கும் அந்தத் தாளில் அடிவானத்தை நேராக இழுப்பதா, வளைவோடு சாய்ப்பதா? சூசௌ நகரத்து ஷென் சௌ, வென் ஜெங்மிங் (1470–1559) போன்றோர் இதற்கு ஈடுகொடுத்து வரைந்தவர்கள். பொன் தூவிய தாளோ மையை எளிதில் உறிஞ்சாது. மடிப்பு மேடுகளில் தூரிகை தட்டித் தட்டித்தான் ஓடும். விசிறியில் எழுத்தைத் தீட்டியவர்கள் இன்னும் சாமர்த்தியசாலிகள். கீழே இடம் நெருங்குவதால், ஒரு மடிப்பில் மேலிருந்து கீழாக நீண்ட வரியும் அடுத்த மடிப்பில் ஓரிரு எழுத்துகளுமாக மாற்றி மாற்றி எழுதி, நெரிசலையே அழகாக்கிவிட்டார்கள்.

விசிறி உழைத்துத் தேயும் பொருள். அதனால் சேகரிப்போர் ஓவியத்தை மட்டும் கழற்றி ஏட்டில் ஒட்டிக் காத்தார்கள். இன்று அருங்காட்சியகத்தில் அத்தகைய ஏட்டை உற்றுப் பாருங்கள். மடக்கு விசிறி என்றால் மேலிருந்து கீழாக மடிப்புத் தடங்கள் வரிசையாகத் தெரியும். பழைய பட்டு விசிறிகள் பலவற்றில், காம்பு பதிந்து தேய்ந்த கோடு நட்டநடுவே ஓடும். அதைப் பழுது என்று ஒதுக்குவோரும் உண்டு. நான் அதைச் சான்று என்பேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஷாங்காய் நகரில் விசிறிக் கடைகள் ஓவியர்களுக்குத் தரகு வேலையும் பார்த்தன. ரென் போநியன் (1840–1895) போன்ற பெரும் ஓவியருக்கும் அங்கே தொடர்பிருந்தது. ஓவியர்கள் வெளியிட்ட கட்டணப் பட்டியல்களில் சுருளுக்கு ஒரு விலையும் விசிறிக்குத் தனி விலையும் குறிக்கப்படுவது வழக்கமாயிற்று.