வங்கியின் ஏட்டில் குறைந்த கடன், விடுதியின் ஏட்டில் குறையவில்லை

(திரையில்: பாசிக்குடாக் கடற்கரை, காலை. மீன் பெட்டி ஏற்றிய முச்சக்கர வண்டி ஒரு விடுதியின் பின்வாசலில் நிற்கிறது.)

வணக்கம். "அந்த விடுதியின் கடனுக்கு வங்கி நட்டம் எழுதிவிட்டதாம். இனி அவர்களுக்குப் பாரம் இல்லைத்தானே?" கல்குடாப் பக்கம் விடுதிகளுக்கு மீனும் மரக்கறியும் கடனுக்குக் கொடுப்பவர்களிடம் இப்படி ஓர் எண்ணம் இருக்கிறது. அது தவறு. அதை நம்பி மேலும் கடன் கொடுப்பவரின் முதலே போய்விடலாம்.

கற்பனையாக ஒரு விடுதிக் கம்பனியை எடுப்போம். கடன் 400 மில்லியன் ரூபாய், வட்டி 12 வீதம். தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவை. இலங்கையில் 2018 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள இலங்கை நிதி அறிக்கையிடல் நியமம் 9, கடன்களை மூன்று கட்டங்களாகப் பிரிக்கிறது. இது மூன்றாம் கட்டம்: பெறுமானம் இழந்த கடன், அதாவது முழுமையாகத் திரும்பி வருமா என்பது சந்தேகமான கடன்.

(திரையில்: இரண்டு ஏடுகள், அருகருகே.)

இடப்பக்கம் வங்கியின் ஏடு. விடுதியின் காணியை விற்றால் இன்றைய பெறுமதியில் 250 மில்லியன்தான் தேறும் என்று வங்கி மதிப்பிடுகிறது. மீதி 150 மில்லியனுக்கு ஏற்பாடு செய்கிறது, அதாவது அது வராமல் போகலாம் என்று இப்போதே நட்டமாக எழுதிவைக்கிறது. வட்டி வருமானத்தையும் 400இல் கணிக்காமல் 250இல்தான் கணிக்கிறது; 48 மில்லியன் 30 மில்லியனாகிறது.

வலப்பக்கம் விடுதியின் ஏடு. அங்கே 400 மில்லியன் அப்படியே இருக்கிறது, வட்டியும் ஏறுகிறது. வங்கி செய்த ஏற்பாடு அதன் சொந்த நட்டக் கணக்கு. கடனாளிக்குக் கொடுத்த தள்ளுபடி அல்ல.

அப்படியானால் விடுதியின் நிலையை எங்கே பார்ப்பது? தாய்க் கம்பனி கொழும்பு பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டிருந்தால் அதன் ஆண்டறிக்கை சந்தையின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். முன்பக்கத்துப் படங்களைத் தாண்டி, நிதிக்கூற்றுகளுக்குப் பின்னால் வரும் குறிப்புகளுக்குப் போங்கள்.

நான் முதலில் பார்ப்பது, கடன் எந்தத் தலைப்பின் கீழ் நிற்கிறது என்பதை. ஆண்டு முடிவுக்கு முன்பே கடன் நிபந்தனை மீறப்பட்டு, முழுப் பணத்தையும் உடனே கேட்கும் உரிமை வங்கிக்கு வந்திருந்தால், ஐந்து ஆண்டுக் கடனும் நடைமுறைப் பொறுப்புக்கு, அதாவது ஒரு வருடத்துக்குள் தீர்க்க வேண்டிய கடன்களின் தலைப்புக்கு, மாறிவிடும். கணக்கு முடிந்த பிறகு வங்கி பொறுத்துக்கொண்டாலும் அந்த ஆண்டின் வகைப்படுத்தல் மாறாது. சென்ற ஆண்டு நீண்டகாலக் கடனாக இருந்தது இந்த ஆண்டு திடீரென இடம் மாறியிருந்தால், அந்தப் பக்கத்தை ஆறுதலாக வாசியுங்கள்.

அடுத்து, எந்தத் தொகையை எப்போது கட்ட வேண்டும் என்று காட்டும் முதிர்வு அட்டவணை. அதன் கூட்டுத்தொகை ஐந்தொகையில் உள்ள கடனைவிடக் கூடுதலாக இருக்கும். பிழை என்று நினைக்க வேண்டாம். இனிக் கட்டவேண்டிய வட்டியும் அதில் சேர்கிறது. ஒரு வருடத்துக்குள் கட்ட வேண்டிய தொகையைக் கையிலுள்ள காசோடு ஒப்பிடுங்கள்.

கடைசியாக, பிணையாக வைக்கப்பட்ட சொத்துகள் பற்றிய குறிப்பு. காணியும் கட்டடமும் வங்கியிடம் ஈட்டில் இருந்தால், விற்ற பணம் முதலில் வங்கிக்கே போகும். மீன் கொடுத்தவரின் பற்றுச்சீட்டுக்குப் பிணை கிடையாது. அப்படிப்பட்ட கம்பனியிடம் மாதக் கணக்கு வைக்காதீர்கள். பெட்டி இறங்கும்போதே காசை வாங்குங்கள்.