"பார்த்தா நல்லாத்தானே இருக்கீங்க?"

நேயர்களுக்கு வணக்கம்.

பேருந்தில் மாற்றுத்திறனாளிகளுக்கென ஒதுக்கிய இருக்கையில் இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். ஊன்றுகோல் இல்லை, கட்டு இல்லை. "பார்த்தா நல்லாத்தானே இருக்கீங்க? எந்திரிங்க தம்பி" என்று யாரோ சத்தம் போடுகிறார். அந்த இளைஞருக்கு ஹீமோபிலியா இருக்கலாம், அதாவது ரத்தம் உறைவதில் கோளாறு. நெரிசலில் முழங்கால் கம்பியில் மோதினால் நமக்குக் கொஞ்ச நேரம் வலிக்கும். அவருக்கோ மூட்டுக்குள்ளேயே ரத்தம் கசிந்து வீங்கும். திரும்பத் திரும்ப அப்படி நேர்ந்தால் மூட்டே கெட்டுப்போகும். அந்த இருக்கை அவருக்கு ஒரு சிகிச்சை மாதிரி.

1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக்கியது. ஹீமோபிலியா, தலசீமியா என்ற ரத்தக் குறைபாடு, ஆட்டிசம், மனநோய், உடல் அசைவைப் பாதிக்கும் பார்க்கின்சன் என்ற மூளை நோய், மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைச் சிதைக்கும் மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் எல்லாம் அதில் உண்டு. இவற்றில் பலவற்றை முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே நடத்துநர்களுக்கும் காவலாளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் யுடிஐடி அடையாள அட்டையை நீட்டினால் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். "என்ன வியாதி?" என்று பத்துப் பேர் முன்னால் கேட்கவேண்டிய தேவையே இல்லை. அட்டை இல்லாதவரிடமும் கேட்கத் தகுந்த கேள்வி ஒன்றுதான்: "உங்களுக்கு நான் என்ன செய்யணும்?"

பார்க்கின்சன் உள்ளவரை எடுத்துக்கொள்வோம். கை நடுங்கினால்தான் அந்த நோய் என்று நினைக்கிறோம். நடுக்கமே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். நன்றாக நடந்துவந்தவர் பேருந்துப் படியருகில் திடீரென்று நின்றுவிடுவார், பாதத்தைத் தரையில் ஒட்டவைத்ததுபோல. வாசல், குறுகலான இடம், திரும்பும் இடம், இவைதான் பெரும்பாலும் சிக்கவைக்கும். பின்னாலிருந்து "சீக்கிரம் ஏறுங்க பெரியவரே" என்று அவசரப்படுத்தினால் இன்னும் இறுகிவிடும். கையைப் பிடித்து இழுப்பதுதான் இருப்பதிலேயே மோசம். உடம்பு முன்னால் வரும், கால் வராது, அவர் விழுந்துவிடுவார்.

என்ன செய்யலாம்? முதலில் பின்னால் நிற்பவர்களைக் கொஞ்சம் நிறுத்துங்கள். அவருக்குப் பக்கவாட்டில் நில்லுங்கள். உங்கள் பாதத்தை அவர் பாதத்துக்கு முன்னால் குறுக்காக வைத்து, "என் காலைத் தாண்டி வையுங்க ஐயா" என்று சொல்லுங்கள். அல்லது "ஒண்ணு, ரெண்டு, ஒண்ணு, ரெண்டு" என்று தாளமாக எண்ணுங்கள். யோசிக்காமல் தானாக நடக்கவைக்கும் மூளைப்பாதை அடைத்துக்கொண்டிருக்கிறது. கண்ணுக்கு ஒரு கோடும் காதுக்கு ஒரு தாளமும் கிடைத்தால் மூளை வேறு வழியாகக் காலைத் தூக்கிவிடும். காலையில் விறுவிறுவென்று நடந்தவர் மதியம் நின்றுபோனால் அது நடிப்பும் அல்ல. ஒரு வேளை மாத்திரைக்கும் அடுத்த வேளைக்கும் நடுவில் மருந்தின் வேகம் குறைந்திருக்கும்.

சட்டத்தின் பட்டியலில் நீரிழிவு இல்லை. ஆனாலும் பொது இடத்தில் மிகக் கொடுமையாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறவர்களில் இன்சுலின் போடுபவர்களும் உண்டு. சர்க்கரை தாழ்ந்தால் வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், நாக்குக் குழறும், எரிந்து விழுவார், வீட்டு விலாசம் கேட்டால் சொல்லத் தெரியாது. "குடிச்சிருக்கான்" என்று முடிவுகட்டி ஒதுங்கிவிடுகிறோம். அவருக்கு ஒவ்வொரு நிமிடமும் ஆபத்து. விழுங்க முடிகிறவரானால் அரை டம்ளர் தண்ணீரில் மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்துக் கொடுங்கள். சுமார் 15 கிராம் வரும். பக்கத்துக் கடையில் குளிர்பானம் வாங்கினால் 150 மில்லி போதும். சர்க்கரை இல்லாத 'டயட்' பாட்டிலாக இருந்துவிடக் கூடாது. சாக்லேட், நெய் இனிப்பு வேண்டாம். அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். 15 நிமிடத்தில் தெளியவில்லையென்றால் அதே அளவு இன்னொரு முறை. தெளிந்த பிறகு இரண்டு பிஸ்கட்டாவது சாப்பிடட்டும். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐ அழையுங்கள்.

ரேஷன் கடை, வங்கி, கோயில் வரிசைகளுக்கு ஒரு யோசனை. மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் உள்ளவர் வெயிலில் நின்றால், உடல் வெப்பம் சிறிது ஏறினாலே பார்வை மங்கும், கால் துவளும். நிழலில் நான்கு நாற்காலி, கையில் ஒரு டோக்கன், "நிற்க முடியாதவர்கள் உட்காரலாம், உங்கள் முறை வந்ததும் அழைப்போம்" என்று ஓர் அட்டை. யாரும் காரணம் சொல்லவேண்டிய அவசியம் இருக்காது. லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் 2016இல் தொடங்கிய சூரியகாந்திப் பட்டையும் இதைத்தான் செய்கிறது. பச்சை நாடாவில் மஞ்சள் பூக்கள். கழுத்தில் அதை அணிந்தவருக்குக் கொஞ்சம் கூடுதல் நேரமோ பொறுமையோ தேவை என்று ஊழியர் தெரிந்துகொள்வார்.

கடைசியாகக் கழிப்பறை. குடல் அறுவை செய்து, கழிவு சேரும் பையை வயிற்றின்மேல் ஒட்டிவைத்திருப்பவர், சட்டைக்குமேல் பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாதவர். பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே காலி செய்வது நல்லது. நிறையவிட்டால் எடை தாங்காமல் விளிம்பு பிரிந்து கசியும். அவருக்குத் தேவை தண்ணீர்க் குழாய், பொருள் வைக்க ஒரு தட்டு, சட்டையை மாட்ட ஒரு கொக்கி, மூடி போட்ட குப்பைத்தொட்டி. நம் ஊரில் மாற்றுத்திறனாளி கழிப்பறை பல இடங்களில் துடைப்பமும் வாளியும் வைக்கும் அறையாகிவிட்டது. சாவி மேலாளர் மேசையில், மேலாளர் சாப்பிடப் போயிருப்பார். வாளிகளை இன்றைக்கே வேறு இடத்துக்கு மாற்றுங்கள். பூட்டித்தான் ஆகவேண்டும் என்றால் சாவியைக் கதவுக்குப் பக்கத்துக் கடைக்காரரிடம் கொடுத்து, அவர் கடைப் பெயரைக் கதவிலேயே எழுதி ஒட்டுங்கள். கேட்பவரிடம் காரணம் கேட்காமல் கொடுக்கச் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.