எழுத்து இருந்தது, எண் இல்லை

எல்லோருக்கும் வணக்கம். ஆப்பிரிக்க எழுத்து என்றதும் நமக்கு எகிப்தும் எத்தியோப்பியாவும்தான் நினைவுக்கு வரும். நான் பேசப்போகும் எழுத்துக்கு இன்னும் 40 வயதுகூட ஆகவில்லை. பெயர் அட்லம்.

மேற்கு ஆப்பிரிக்காவில் கினி நாடு, 1989. இப்ராஹிமா பாரிக்கு 14 வயது, தம்பி அப்துலாயேவுக்கு 10. அப்பா அரபி படித்தவர். ஊர்க்காரர்கள் தங்களுக்கு வரும் கடிதங்களை அவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வார்கள். மொழி ஃபுலானி, எழுத்து அரபி. மூச்சை உள்ளிழுத்துச் சொல்லும் ஃபுலானி ஒலிகள் சிலவற்றுக்கு அரபியில் எழுத்தே கிடையாது. ஆளுக்கொரு விதமாக எழுதியதை அவர் ஊகித்துத்தான் படிக்க வேண்டும்.

பையன்கள் அறைக்குள் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கிறுக்கி, பிடித்த வடிவங்களைப் பொறுக்கி 28 எழுத்துகளை உருவாக்கினார்கள். முதலில் தங்கைக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், அப்புறம் சந்தையில் இருந்தவர்களுக்கு. கற்றவர் குறைந்தது மூன்று பேருக்குக் கற்பிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பாடப்புத்தகங்களைக் கையாலேயே படியெடுத்தார்கள். இதற்காக இப்ராஹிமா சிறைக்கும் போய்வந்தார், அது தனிக்கதை.

சரி, கணினிக்கு வருவோம். கணினி எழுத்தை எண்ணாகத்தான் சேமிக்கும். அட்லத்துக்கு அப்படி எண் இல்லாததால், அரபி எழுத்துகளின் எண்கள் மேலேயே தங்கள் வடிவங்களை ஏற்றி ஓர் எழுத்துரு செய்தார்கள். பெறுபவரிடம் அந்த எழுத்துரு இல்லையென்றால் திரையில் தெரிவது அர்த்தமில்லாத அரபி. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிய கோப்பை அது இல்லாத கணினியில் திறந்து பார்த்தவர்களுக்கு இந்த எரிச்சல் புரியும்.

உலக எழுத்துகளுக்கெல்லாம் பொதுவாக எண் ஒதுக்கும் தரத்துக்கு யூனிகோடு என்று பெயர். 2016 ஜூனில் வந்த அதன் 9.0 பதிப்பு அட்லத்துக்குச் சொந்த இடம் கொடுத்தது. வேலை அத்தோடு முடிந்துவிடவில்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது. வலமிருந்து இடமாக ஓடும் எழுத்து. ஒன்றோடொன்று கைகோக்கும்போது வடிவம் மாறும். ஆங்கிலத்தைப் போலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறு. வேற்றுமொழி ஒலிகளுக்கான 6 எழுத்துகளையும் சேர்த்தால் வகைக்கு 34. இலக்கங்களில்தான் வேடிக்கை. அரபியில் எழுத்து வலமிருந்து ஓடினாலும் எண் இடமிருந்து ஓடும். அட்லத்தில் எண்ணும் வலமிருந்துதான்: 2016 என்று எழுதினால் 2 வலது ஓரத்தில் நிற்கும். போதாக்குறைக்கு, கிடைத்த இடம் யூனிகோடின் முதல் 65,536 எண்களுக்கு அப்பால். எல்லா எழுத்தும் அதற்குள் அடங்கிவிடும் என்று நம்பி எழுதப்பட்ட பழைய மென்பொருள்கள் அங்கே திணறும்.

எழுத்துரு, விசைப்பலகை, கைகோக்கும் விதி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து, 2019 மே மாத விண்டோஸ் 10 புதுப்பிப்பில்தான் அட்லம் உள்ளே வந்தது. சகோதரர்கள் கிறுக்கத் தொடங்கி அதற்குள் 30 வருடம் ஆகியிருந்தது.