ஹோட்டல் வாசல் வரைக்கும் வந்த கேமரா

நடுவர் அவர்களே, சபையோரே, வணக்கம். டிவிச் செய்தியில ஊர்ப் பாரபட்சம் இருக்குங்கிறது எங்க அணி. எனக்கு முன்னாடி பேசின எதிரணி அண்ணன், "பாரபட்சமும் இல்ல, மண்ணும் இல்ல, எல்லாம் தூரம்! கேமராவுக்கு என்ன றெக்கையா இருக்கு?"ன்னார். நீங்களும் கை தட்டுனீங்க.

றெக்கை இருக்குண்ணே! 2022 ஜூன்ல முளைச்சுது. தில்லி, மும்பை சேனல்லாம் அசாமுக்குப் பறந்துச்சு. அப்ப அசாம்ல பெருவெள்ளம். பராக் ஆறு பெருகி சில்சார் நகரமே தண்ணிக்குள்ள. சரி, வெள்ளத்தைக் காட்டப் போனாங்களா? அதான் இல்ல! சொந்த ஆட்சியை எதிர்த்துக் கிளம்பின மகாராஷ்டிரா எம்எல்ஏக்கள் கவுகாத்தி ஹோட்டல்ல தங்கியிருந்தாங்க, அந்த வாசலுக்குப் போனாங்க. கேட் திறந்தா நேரலை. கேட் மூடினாலும் நேரலை. கார் வந்தா பிரேக்கிங். கார் வரலைன்னா, "ஏன் வரலை?"ன்னு ராத்திரி விவாதம்! அதே மாநிலத்துல மொட்டைமாடியில குடிதண்ணிக்குத் தவிச்சவன் எங்க இருந்தான்? ஸ்க்ரோல்ல இருந்தான் அண்ணே, பொடி எழுத்துல!

நம்ம சேனல் மட்டும் என்னவாம்? 2023 டிசம்பர். மாச ஆரம்பத்துல மிக்ஜாம் புயல். சென்னையில தெருவுக்குத் தெரு மைக். 17, 18 தேதிகள்ல தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்துல 24 மணி நேரத்துல 95 சென்டிமீட்டர் மழை. வருஷம் முழுக்கப் பெய்யுறதைவிட அதிகம்! படம் வந்து சேரத்தான் நேரமாச்சு. நிருபர் முதுகுல ஒரு பை இருக்கும், உள்ள பல சிம் கார்டு. வீடியோவைத் துண்டு துண்டாப் பிரிச்சு எல்லா நெட்வொர்க்லயும் அனுப்பும், ஸ்டூடியோவுல ஒட்டிக்கும். கரன்ட் போய், செல்போன் டவர் பேட்டரியும் தீர்ந்தா அந்தப் பை வெறும் சுமை. செயற்கைக்கோள் வழியா நேரலை அனுப்புற, டிஷ் வச்ச ஓபி வேன் வேணும். அது பெரும்பாலும் தலைநகரத்துலதான் நிக்குது. அடி பலமா விழுந்த ஊர்தான் திரையில இருட்டாக் கிடக்கும்!

அந்த 17-ஆம் தேதி ராத்திரி ஸ்ரீவைகுண்டத்துல செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்னுச்சே, ஞாபகம் இருக்கா? ஜல்லி அரிச்சுப் போய்த் தண்டவாளம் அந்தரத்துல தொங்குச்சு. சுமார் 800 பயணிகள், சுத்தி வெள்ளம். விடிஞ்சா எழும்பூர்ல இறங்க வேண்டிய பிள்ளைக்காகப் பெத்தவ டிவியையே பாத்துக்கிட்டு இருந்திருப்பாளே! அந்தப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டது யாரு? பக்கத்துக் கிராமத்து ஜனம். தன் ஊருக்குள்ளயே தண்ணி நிக்க, முன்னப்பின்ன தெரியாதவனுக்கு உலை வச்சாங்க. அந்த ஊர்ப் பேரு இங்க எத்தனை பேருக்குத் தெரியும்? கை தூக்குங்க பாப்போம்.

நடுவர் ஐயா, மணி அடிச்சுக்கோங்க. பேரைச் சொல்லிட்டு இறங்கிடறேன். புதுக்குடி.