வீட்டுச் சாக்கடை லைன்ல சேம்பர், கிளீன் அவுட்: எங்கே வைக்கணும், எப்படித் திறக்கணும்

[திரையில்: டைல்ஸ் போட்ட கார் நிறுத்துற இடம். சுவரோரம் ரெண்டு டைல்ஸ் உடைச்சு எடுத்திருக்கு. அடியில ஒரு கான்கிரீட் மூடி.]

பாத்ரூம்ல தண்ணி இறங்கல. பிளம்பர் வந்ததும் கேக்கற முதல் கேள்வி, "சேம்பர் எங்கே இருக்கு?" வீட்ல யாருக்கும் தெரியல. தரை பளிச்சுனு இருக்கணும்னு அது மேலயே டைல்ஸ் ஒட்டியாச்சு. இப்போ தட்டித் தட்டி, சத்தம் எங்கே மாறுதுன்னு பாத்து, உடைச்சுக் கண்டுபிடிக்கணும்.

வீட்டுக் கழிவுநீர் லைனைத் திறந்து பாக்க, குத்தி விட, நமக்கு ரெண்டு வழி இருக்கு. ஒன்னு சேம்பர்: லைன் நடுவுல தரைக்கு அடியில செங்கல்லோ பிளாஸ்டிக்கோ வெச்சு, மேல மூடி போட்ட சின்னத் தொட்டி. இன்னொன்னு கிளீன் அவுட்: லைன்ல இருந்து சாய்வா மேல ஏறி வந்து, தரை மட்டத்துல மரை மூடியோட நிக்கற ஒரு குழாய். ரெண்டுக்கும் வேலை ஒன்னுதான். மனுஷனோட கையோ தலையோ உள்ள போகாம, ஸ்பிரிங் ராடு, அதாவது வளைஞ்சு போற நீளக் கம்பி மட்டும் போய் அடைப்பை எடுக்கணும். இதை மனசுல வெச்சுக்கிட்டா எங்கே, எப்படி வைக்கறதுன்னு பாதிக்குத் தானே பதில் கிடைக்கும்.

[திரையில்: தரையில சாக்பீஸால வரைஞ்ச வீட்டுப் படம். பின்பக்க பாத்ரூம்ல இருந்து கேட் வரைக்கும் ஒரு கோடு.]

இடத்தை முடிவு பண்ணுவோம். மாடியில இருந்து குழாய் இறங்குற அடி, லைன் திரும்புற முனை, ரெண்டு லைன் சேர்ற இடம், குழாய் 4 இஞ்ச்ல இருந்து 6 இஞ்ச்சுக்கு மாறுற இடம், கேட்டுக்கு உள்பக்கம் கடைசியா ஒன்னு. நேரா ஓடுற லைனா இருந்தாலும் 10, 12 மீட்டருக்கு ஒன்னு வெச்சிருங்க. கையால சுத்துற ஸ்பிரிங் அதுக்கு மேல போனா முறுக்கிக்கும், முனைக்கு பலம் போய்ச் சேராது. சமையலறைக்குள்ளயோ, சம்ப், போர்வெல் பக்கத்துலயோ சேம்பர் வேண்டவே வேண்டாம்.

அடுத்தது வாட்டம், அதாவது தண்ணி ஓடுறதுக்கான சரிவு. இந்தக் கணக்கு வீட்ல இருந்து தொடங்கக் கூடாது, ரோட்டுல இருந்து தொடங்கணும். ரோட்டுச் சேம்பர்ல நம்ம குழாய் எந்த ஆழத்துல சேரப் போகுதுன்னு முதல்ல அளந்துட்டு, அங்கிருந்து மேல ஏறி வாங்க. 110 மில்லிமீட்டர், அதாவது 4 இஞ்ச் குழாய்க்கு 40-க்கு 1: 40 அடி ஓடினா 1 அடி இறங்கணும். பத்தடிக்கு 3 இஞ்ச் இறக்கம். 160 மில்லிமீட்டர், 6 இஞ்ச் குழாய்க்கு 60-க்கு 1. பத்தடிக்கு 2 இஞ்ச். பாத்ரூம்ல இருந்து கேட் 40 அடின்னா 4 இஞ்ச் லைன் மொத்தம் ஒரு அடி இறங்கணும். ஆரம்பத்துல ஒன்றரை அடி ஆழம்னா கேட்டுகிட்ட ரெண்டரை அடி. ரோட்டுக் குழாய் அதுக்கும் கீழே இருந்தாத்தான் தண்ணி போகும்.

இதை ரசமட்டம் வெச்சு கண்ணளவுல பாக்காதீங்க. தண்ணி நிரப்பின டியூப் லெவல் பிடிச்சு, ஒவ்வொரு குழாய் இணைப்புக்கும் கீழ்மட்டத்தை அளங்க. பெரும்பாலான வீடுகள்ல மொத்த வாட்டம் சரியாத்தான் இருக்கும். தப்பு நடுவுல இருக்கும்: ஒரு துண்டு செங்குத்தா இறங்கி, அடுத்த துண்டு படுத்துக் கிடக்கும். படுத்த இடத்துல தண்ணி தேங்கும், திடப்பொருள் அங்கேயே உக்காரும்.

புதைக்கிற லைனுக்கு டைப் பி குழாய் வாங்குங்க. டைப் ஏ காத்துக் குழாய்க்கும் மழைத்தண்ணிக்கும் உள்ளது, அது மெல்லிசு. குழாய்க்கு அடியில 10 சென்டிமீட்டர் மணல், மேலயும் அதே அளவு. செங்கல் துண்டும் ஜல்லியும் குழாயைத் தொடக் கூடாது.

[திரையில்: சேம்பரோட உள்பக்கம், மேலிருந்து, நெருக்கத்துல. நடுவுல அரைவட்ட வாய்க்கால்.]

இப்போ சேம்பர். ரெண்டு அடி ஆழம் வரைக்கும் உள்ளளவு ஒன்றரைக்கு ஒன்றரை அடி போதும். மூணு அடி ஆழம்னா ரெண்டுக்கு ரெண்டு. அடியில 10 சென்டிமீட்டர் கான்கிரீட், அதுக்கு மேல செங்கல் கட்டு, உள்ள வழவழன்னு சிமெண்ட் பூச்சு.

இந்தப் படத்துல கொஞ்ச நேரம் நிக்கலாம். சேம்பரோட உயிரே இந்த வாய்க்கால்லதான் இருக்கு. உள்ள வர்ற குழாயும் வெளிய போற குழாயும் ஒரே கோட்டுல, பாதிக் குழாயை நறுக்கிப் பதிச்ச மாதிரி ஒரு வாய்க்காலால இணைஞ்சிருக்கு. ரெண்டு பக்கமும் கரை குழாயோட மேல்மட்டம் வரைக்கும் ஏறி, வாய்க்காலை நோக்கிச் சரிஞ்சு இருக்கு. எது கரையில ஏறினாலும் அடுத்த தண்ணியில வழுக்கி வாய்க்காலுக்கே வந்துடும். பக்கத்துல இருந்து சேர்ற குழாயைப் பாருங்க. அது செங்குத்தா வந்து முட்டல, ஓட்டத்தோட திசையிலயே வளைஞ்சு வந்து கலக்குது.

பல இடத்துல கொத்தனார் அடியைத் தட்டையா பூசி விட்டுடறாங்க. சில பேர் குழாய் மட்டத்துக்குக் கீழ அரையடி பள்ளமே விட்டு, "கசடு தங்கட்டும்"னு சொல்றாங்க. மழைநீர்த் தொட்டிக்கு அது சரி. கழிவுநீர்ச் சேம்பருக்கு அது பெரிய தப்பு. தங்குற கசடு அழுகி வாயு கிளம்பும், கரப்பான் பெருகும், அப்புறம் அதை அள்ள ஒரு ஆளைக் கூப்பிட வேண்டி வரும். அரைமணி நேரப் பூச்சு வேலையை மிச்சம் பிடிச்சு, இன்னொரு மனுஷன் தலையில அந்தப் பாரத்தை வைக்கறோம். வாய்க்கால் போடாத சேம்பருக்குக் கூலி முடிக்காதீங்க.

சமையலறைத் தண்ணி நேரா சேம்பருக்கு வரக் கூடாது. கல்லி ட்ராப், அதாவது எப்பவும் கொஞ்சம் தண்ணி நிக்கற வளைவு வழியா வரணும். அதுல நிக்கற 50 மில்லிமீட்டர் தண்ணிதான் நாத்தம் வீட்டுக்குள்ள ஏறாம தடுக்குது.

[திரையில்: மேஜை மேல ஒரு ஒய், ஒரு 45 டிகிரி பெண்ட், ரெண்டு ரிப்பேர் கப்ளர், ஒரு மீட்டர் குழாய், மரை மூடி.]

ஏற்கெனவே கட்டின வீட்ல, சேம்பர் கட்ட இடமில்லாத சந்துல, கிளீன் அவுட் போடுறது எப்படி? 4 இஞ்ச் லைனுக்கு வேண்டிய சாமான் இவ்வளவுதான்.

முதல்ல ஒய்யைக் கையில எடுங்க, அதாவது Y எழுத்து மாதிரி கிளை சாய்வா பிரியற இணைப்பு. ஒய்தான் வேணும், கிளை செங்குத்தா நிக்கற டீ வேண்டாம். டீயில ராடு செங்குத்தா இறங்கி அடியில முட்டி, எந்தப் பக்கம் திரும்பும்னு சொல்ல முடியாது. ஒய்யோட கிளை, தண்ணி வர்ற பக்கமா சாஞ்சு நிக்கணும். அப்போ உள்ள விடுற ராடு தண்ணி போற பக்கமா வழுக்கிப் போகும். இதைத் திருப்பி மாட்டினா ராடு வீட்டுப் பக்கம் போகும், தண்ணி ஓட்டத்துல வர்ற முடியும் துணியும் கிளையோட விளிம்புல சிக்கிக்கும். ஒட்டுறதுக்கு முன்னாடி பைப் மேல மார்க்கரால அம்புக்குறி போட்டுக்கோங்க.

வேலை ஆரம்பிக்கும்போது மாடியில இருக்கறவங்ககிட்டயும் தண்ணி விட வேண்டாம்னு சொல்லிடுங்க. குழாயைச் சுத்தி, கீழயும் கை போற அளவு தோண்டுங்க. ஒய்யோட ரெண்டு முனையிலயும் சின்னக் குழாய்த் துண்டு சேத்து, பழைய லைன் மேல வெச்சு நீளத்தைக் குறிச்சு, நேரா அறுங்க. பிசிறை அரத்தால தேச்சு எடுங்க. ஒரு பிசிறு போதும், முடி மாட்டறதுக்கு. ரெண்டு குழாய் முனையைச் சேக்கற ரிப்பேர் கப்ளருக்கு உள்ள நடுவுல தடுப்பு கிடையாது. அதனால பழைய குழாய் மேல முழுசா ஏத்திட்டு, ஒய்யை நடுவுல வெச்சு, பாதி திருப்பி இழுத்துடலாம். பாதி எங்கேன்னு முன்கூட்டியே கோடு போட்டுக்கோங்க, இல்லேன்னா ஒரு பக்கம் பிடிமானம் இல்லாம போயிடும். ரப்பர் ரிங் வெச்ச கப்ளருக்கு சோப்புத் தண்ணி தடவுங்க. எண்ணெயும் கிரீஸும் ரப்பரை ஊத வெச்சுடும்.

ஒய்யோட கிளையில பெண்டையும் குழாயையும் ஏத்தித் தரை மட்டம் வரைக்கும் கொண்டு வந்து, ஒய்க்கு அடியில ஒரு கான்கிரீட் திண்டு கொடுங்க. மேல நிக்கற குழாயை யாராவது மிதிச்சா லைன் அமுங்கக் கூடாது. தரை மட்டத்துல அந்தக் குழாயைச் சுத்தி ஒரு பெரிய குழாய்த் துண்டை உறையா வெச்சு, தரை கான்கிரீட் அதைப் பிடிக்காம பாத்துக்கோங்க. மரை மூடிக்கு சால்வென்ட், அதாவது குழாய் ஒட்டுற பசை போட்டு ஒட்டவே கூடாது. "நாத்தம் வருது"ன்னு ஒட்டிட்டா அது கிளீன் அவுட் இல்ல, வெறும் குழாய்.

சேம்பர் மூடிக்கு வருவோம். நடக்கற இடத்துக்கு எல்.டி. (லைட் டியூட்டி) 2.5, கார் ஏறுற இடத்துக்கு எம்.டி. (மீடியம் டியூட்டி) 10. இந்த எண்ணெல்லாம் டன் கணக்கு, மூடி மேலயே அச்சடிச்சிருக்கும். அழகுக்காக மறைக்கணும்னா, டைல்ஸ் பதிக்கற மாதிரி தட்டு வெச்ச மூடி கிடைக்குது. அதை வாங்குங்க, டைல்ஸை மட்டும் மேல போட்டு மூடாதீங்க. அரச மரமோ முருங்கையோ பக்கத்துல இருந்தா வருஷம் ஒரு தடவை பூச்சுல வெடிப்பு பாருங்க. முடி அளவு வேர் நுழைஞ்சாலும் உள்ள பாய் மாதிரி விரிஞ்சுடும்.

மண்ணைத் தள்ளுறதுக்கு முன்னாடி ஒரு சோதனை. ஒரு சேம்பர்ல டார்ச், அடுத்த சேம்பர்ல கண்ணாடி. முழு வட்டமா வெளிச்சம் தெரிஞ்சா லைன் நேரா இருக்கு. பிறை மாதிரி தெரிஞ்சா நடுவுல குழாய் தொங்குது. அப்புறம் கீழ்முனையை அடைச்சு, தண்ணி நிரப்பி, செங்கல் உறிஞ்சி முடிச்ச பிறகு கோடு போட்டு, அரைமணி நேரம் மட்டம் இறங்குதான்னு பாருங்க. டைல்ஸ் வேலை முடியற வரைக்கும் எல்லா வாயையும் துணி வெச்சுக் கட்டுங்க. புது வீட்ல அடைப்பு வந்தா நாங்க முதல்ல சந்தேகப்படுறது டைல்ஸ் கழுவி விட்ட சிமெண்ட் பாலைத்தான். குழாய்க்குள்ள அது இறுகிட்டா எந்த ராடும் எடுக்காது.

[திரையில்: மூணு சேம்பர் வரிசையா. முதல் ரெண்டும் நிரம்பி இருக்கு, மூணாவது காஞ்சு கிடக்கு.]

அடைப்பு வந்தா எல்லா மூடியையும் திறங்க. நிரம்பின கடைசிச் சேம்பருக்கும் காஞ்ச முதல் சேம்பருக்கும் நடுவுலதான் அடைப்பு. இங்கே ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல. எல்லாமே நிரம்பி, கேட்டுகிட்ட இருக்கற கடைசிச் சேம்பரும் நிரம்பியிருந்தா கோளாறு அதுக்கு அப்பால, ரோட்டுப் பக்கம். சென்னையில குடிநீர் வாரியத்தோட 1916-க்குச் சொல்லுங்க, மத்த ஊர்ல நகராட்சிக்கு.

மரை மூடியைத் திறக்கும்போது கால் சுத்து மட்டும் தளர்த்தி நிறுத்துங்க. பின்னாடி தண்ணி நின்னா ஓரத்துல கசியும். கசிவு அடங்கின பிறகு, முகத்தை விலக்கி, மெதுவா எடுங்க. மரை போட்டு இணைக்கற ராடா இருந்தா எப்பவும் வலது பக்கமாத்தான் சுத்தணும். இடது பக்கம் சுத்தினா மரை கழண்டு ராடு உள்ளயே தங்கிடும், அப்புறம் தரையை உடைக்கறதைத் தவிர வழியில்ல. அடைப்பு விட்டதும் கொஞ்சம் கொஞ்சமா ரெண்டு பக்கெட் தண்ணி ஊத்தி, கீழ்ச் சேம்பர்ல என்ன வருதுன்னு பாருங்க. எண்ணெய்க் கட்டியா, நாப்கினா, வேரா? காரணம் அங்கே தெரியும்.

ஆசிட் ஊத்திட்டு ராடு விடாதீங்க, தெறிக்கும். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தா குளோரின் வாயு வரும்.

ஆழமான சேம்பர், செப்டிக் டேங்க், எதுக்குள்ளயும் யாரையும் இறக்காதீங்க, தலையை உள்ள நீட்டவும் விடாதீங்க. அங்கே ஹைட்ரஜன் சல்ஃபைடு நிக்கும். கொஞ்சமா இருந்தா அழுகின முட்டை நாத்தம். அதிகமானா மூக்கு மரத்துப் போய் நாத்தமே தெரியாது, ஆபத்து இல்லைனு தோணும். பாதுகாப்புச் சாதனம் இல்லாம ஆளை இறக்கறது, கையால மலம் அள்ளுறதைத் தடை பண்ற 2013-ம் வருஷச் சட்டப்படி குற்றம், வீட்டுக்காரர் சொல்லி இறக்கினாலும் குற்றம்தான். சாக்கடையில இறந்தவங்க குடும்பத்துக்கு 10 லட்சம்னு உச்ச நீதிமன்றம் 2014-ல சொன்னது, 2023-ல அதை 30 லட்சமா உயர்த்தினது. நல்லா அமைச்ச சேம்பரும் ஒரு ஸ்பிரிங்கும், வேகமா தண்ணி பீய்ச்சி அடைப்பை எடுக்கற ஜெட்டிங் வண்டியும் இருந்தா, இறங்க வேண்டிய தேவையே வராது.

[திரையில்: ஒரு தாள். அதுல வீட்டு மூலைகள்ல இருந்து ஒவ்வொரு மூடிக்கும் ரெண்டு ரெண்டு அளவு.]

மண்ணை மூடுற அன்னைக்கே ஒரு படம் வரைஞ்சிருங்க. ஒவ்வொரு மூடிக்கும் சுவரோட ரெண்டு மூலையில இருந்து தூரம், குழாயோட ஆழம், ஓட்டத்துக்கு அம்புக்குறி. தோண்டின பள்ளத்தை போன்ல படம் எடுங்க. தாளை பிளாஸ்டிக் உறையில போட்டு ஈபி மீட்டர் பெட்டியோட கதவு உள்பக்கம் ஒட்டுங்க. வாடகைக்கு வர்றவங்களும் பிளம்பரும் முதல்ல திறக்கற கதவு அதுதான்.