வினைல் தரையில் ஒட்டுப் போடும் முறை

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய சிமெண்டுத் தரையையும் சிவப்புக் காவித் தரையையும் உடைக்காமல், அவற்றின் மேலேயே வினைல் ஷீட் ஒட்டிக்கொண்ட வீடுகள் நம் திருநெல்வேலிச் சீமையில் உண்டு. அடுக்களையில் சிலிண்டரை இழுத்த இடம் கிழிந்துவிட்டது, சுடுசட்டியை இறக்கிய இடம் வட்டமாகக் கருகிவிட்டது என்பதற்காக முழு ஷீட்டையும் பெயர்க்க வேண்டியதில்லை. கெட்ட பகுதியை மட்டும் வெட்டியெடுத்துப் புதுத்துண்டு பதித்துவிடலாம்.

கத்தியை எடுக்குமுன், அந்த இடம் ஏன் கெட்டது என்று பார்க்க வேண்டும். கிழிசலும் கருகலும் மேலிருந்து வந்தவை, அஞ்ச வேண்டாம். ஷீட் உப்பி, அழுத்தினால் பொதபொதவென்று இருந்தால் கோளாறு அடியில் இருக்கிறது. ஈரத்தடுப்பு இல்லாத பழைய தரையில் மண்ணிலிருந்து ஏறும் ஈரம், ஷீட் மூடியிருப்பதால் வெளியேற வழியின்றிப் பசையை இளக்கிவிடும். 2023 டிசம்பர் பெருமழையில் வெள்ளம் புகுந்த வீடுகளில் இதைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். உப்பிய பகுதியை நீக்கிவிட்டு, வெறுந்தரையில் ஒரு பாலிதீன் தாளை நான்கு ஓரமும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உட்புறம் நீர்த்துளி கோத்திருந்தால், தரை காயும்வரை ஒட்டுப் போடும் எண்ணத்தைத் தள்ளிவைப்பதே நல்லது.

புதுத்துண்டுக்குப் பரணில் கிடக்கும் மிச்சச் சுருள் உதவும்; அதை ஒரு நாள் முன்பே விரித்து வையுங்கள். மிச்சம் இல்லையென்றால் பீரோவுக்கு அடியிலிருந்து ஒரு துண்டு எடுக்கலாம்.

இனி வெட்டும் முறை. ஓட்டையை முதலில் வெட்டி, அதன் அளவுக்குத் துண்டை நறுக்குவது பலர் செய்வது. அதில் எங்காவது நூலளவு இடைவெளி விழுந்துவிடும். மாறாக, கெட்ட இடத்தைவிடச் சற்றுப் பெரிய துண்டை அதன்மேல் வைத்து, பூவும் கட்டமும் அடியிலுள்ள ஷீட்டோடு பொருந்தும்வரை நகர்த்தி, டேப்பால் அசையாமல் ஒட்டி, இரும்பு ஸ்கேலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, புது பிளேடு போட்ட கட்டரால் இரண்டு ஷீட்டையும் சேர்த்தே வெட்ட வேண்டும். கட்டர் செங்குத்தாக நிற்கட்டும். ஒரே இழுப்பில் வெட்ட முயலாமல், அதே கோட்டில் மூன்று நான்கு முறை இழுங்கள். கட்டத்தின் கோட்டையொட்டி வெட்டினால் இணைப்பு அந்தக் கோட்டிலேயே மறைந்துவிடும்.

கெட்ட துண்டு எளிதில் வராவிட்டால் ஹேர் டிரையரால் சூடு காட்டி, பட்டி பிளேடால் மெல்ல நெம்பி எடுங்கள். பழைய பசையைச் சுரண்டி, பள்ளத்தைப் பட்டி வைத்து நிரவிக் காயவிட வேண்டும். அடியில் ஒரு மணல் இருந்தாலும் மேலே புடைத்துத் தெரியும். பல பத்தாண்டுகளுக்கு முன் போட்ட ஷீட்டானால் அதிலும் பசையிலும் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும் என்பதால், அதை உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பவே கூடாது.

இனி ஒட்டும் வேலை. இதற்குப் பயன்படும் ரப்பர் பசையின் ஆவி எளிதில் தீப்பற்றும். அடுக்களையில் வேலையென்றால் அடுப்பையும் சாமி விளக்கையும் அணைத்து, சிலிண்டரை மூடி, சன்னல்களைத் திறந்துவிட்டே டப்பாவைத் திறக்க வேண்டும். இதில் சமரசம் வேண்டாம். தரையிலும் துண்டின் அடியிலும் மெல்லிதாகத் தடவி, தொட்டால் விரலில் ஒட்டாத பக்குவம் வந்ததும், ஒரு ஓரத்திலிருந்து தொடங்கிப் பதியுங்கள். அந்தப் பசை பட்டவுடன் பிடித்துக்கொள்ளும். பிறகு நகர்த்த முடியாது. சப்பாத்திக் கட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு உருட்டி, வினைல் இணைப்புக்கென்றே விற்கும் திரவத்தைக் கோட்டில் மெல்லிதாக விட்டு, காய்ந்ததும் பலகை வைத்து அதன்மேல் பாரம் ஏற்றுங்கள். ஒரு நாள் முழுக்க அங்கே தண்ணீர் படாமலும் யாரும் மிதிக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். வணக்கம்.