இடியப்பத் தட்டில் ஒரு செபமாலை

நடுவர் அவர்களே, டீச்சர் தலைமையில் அமர்ந்திருக்கும் எதிரணியினரே, இந்தக் கிறிஸ்மஸ் ஒளிவிழாவுக்குக் குடும்பமாக வந்திருக்கும் உறவுகளே, வணக்கம்.

'கிறிஸ்தவ விசுவாசம் உயிரோடு இருப்பது கோவில் அமைப்பிலா, தனிமனித உள்ளத்திலா?' இதுதான் தலைப்பு. உள்ளத்தில்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன். தலைப்பைப் பற்றிப் பிறகு பேசுகிறேன், முதலில் டீச்சருக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

சற்று முன் இதே மைக்கின் முன்னால் நின்று டீச்சர் என்ன சொன்னார்? "இவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் எழும்பப் பஞ்சி, சோம்பல். அந்தப் பஞ்சிக்கு வைத்திருக்கும் பெயர்தான் தனிப்பட்ட விசுவாசம்" என்றார். மண்டபமே கைதட்டியது. பின்வரிசைத் தம்பிமார் விசிலும் அடித்தார்கள். டீச்சர் எனக்கு மறைக்கல்வி படிப்பித்தவர். பத்துக் கட்டளையையும் எனக்குப் பாடமாக்கித் தந்த வாயிலிருந்து இந்தச் சொல் வந்திருக்கிறது. அதனால்தான் என்னால் இதைச் சும்மா விட்டுவிட்டுப் போக முடியவில்லை.

பஞ்சியா? சரி, பஞ்சியைப் பற்றியே கதைப்போம்.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் ஒரு பெரியம்மா இருக்கிறார். எனக்கு மட்டுமில்லை, ஒழுங்கைக்கே அவர் பெரியம்மா. பெயர் வேண்டாம். இங்கே இருப்பவர்களில் பலர் அவர் அவித்த இடியப்பத்தைச் சாப்பிட்டிருப்பீர்கள். விடிய மூன்றரைக்கு அவர் அடுப்படியில் லைட் எரியும். சிவப்பரிசி மாவில் கொதிதண்ணீர் ஊற்றி, அகப்பைக் காம்பால் கிளறி, கை பொறுக்கிற சூட்டில் குழைத்து உரலில் அடைப்பார். செபமாலை சுவரில் ஆணியில் தொங்கும். கையெல்லாம் மா, அதைத் தொட முடியாது. அப்போ செபம் எப்படி நடக்கும்?

கேளுங்கள். ஒரு தட்டு பிழிந்து முடிய ஓர் 'அருள் நிறைந்த மரியே'. அடுத்த தட்டு, அடுத்த மரியே. பத்துத் தட்டு அடுக்கில் ஏறினால் ஒரு பத்து முடிந்தது. மூடியைப் போடும்போது ஒரு பரலோக மந்திரம். அது அவியும் நேரத்தில் அடுத்த பத்துக்கு மா தயார். ஐந்து அடுக்கு இறங்கும்போது ஐம்பது தட்டு, முழுச் செபமாலை. மணி தேவைப்படவில்லை, விரல் தேவைப்படவில்லை, தட்டே கணக்கு வைக்கிறது.

ஆறு மணிக்கு வாசலில் சனம் நிற்கும். "பெரியம்மா, இருபது இடியப்பம், சம்பல் கொஞ்சம் கூடப் போடுங்க" என்று கேட்டால் பதில் வராது. உதடு மட்டும் அசையும். புதிதாக வந்தவர் திரும்பவும் கேட்பார், கொஞ்சம் சத்தமாக. அப்போதும் உதடுதான் அசையும். எங்கள் ஒழுங்கையில் ஆட்டோ ஓட்டும் நானா ஒருவர் இருக்கிறார், முஸ்லிம். சுபஹு தொழுதுவிட்டு நேரே இடியப்பத்துக்கு வருபவர். அவர்தான் வந்தவரின் தோளைத் தொட்டுச் சொல்வார்: "பொறுங்க தம்பி, பெரியம்மா தொழுகையில இருக்கிறாங்க."

தொழுகையில இருக்கிறாங்க! நடுவர் அவர்களே, அந்த நானா எந்தப் பங்கிலும் உறுப்பினர் இல்லை. செபமாலைச் சபை எதிலும் அவர் பெயர் இல்லை. ஆனால் மாவு அப்பிய கையோடு அடுப்புக்கு முன்னால் நிற்கும் ஒரு பெண் இறைவனோடு கதைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது? அவரும் விடியலில் தனியாக அதே வேலையைச் செய்துவிட்டு வருகிறவர்.

இந்தப் பெரியம்மா ஞாயிறு பூசைக்குப் போவதில்லை. பல வருடமாகப் போவதில்லை. டீச்சரின் கணக்கில் அவர் பஞ்சி பிடித்தவர்.

ஏன் போவதில்லை? அதையும் சொல்லத்தான் வேண்டும். அவர் சைவ சமயத்தவர் ஒருவரைக் கல்யாணம் செய்தவர். பதிவுத் திருமணம். கோவிலில் நடக்காத கல்யாணம் என்பதால், பூசையில் சுவாமியார் தரும் நற்கருணை அப்பத்தை வாங்க முடியாது. அதை அவர் ஏற்றுக்கொண்டார், ஒரு நாளும் சுவாமியாரோடு சண்டைக்குப் போகவில்லை. ஆனாலும் ஞாயிறு தவறாமல் போனார். நற்கருணை நேரம் வரும். அவர் இருக்கிற வாங்கில், அந்த நீள இருக்கையில், எல்லாரும் எழும்புவார்கள். இவர் முழங்காலை ஒரு பக்கமாக ஒதுக்கி வழிவிடுவார். ஒவ்வொருவராகக் கடந்து போவார்கள், திரும்பி வருவார்கள். திரும்பி வரும்போது ஒவ்வொருவரும் ஒரு பார்வை பார்ப்பார்கள். ஒவ்வொரு ஞாயிறும் இது நடக்கும். ஒரு நாள் அந்த வாங்கில் இருந்த அக்கா ஒருவர் சொன்னார்: "பிள்ளை, நீங்க பின்னுக்கு இருக்கலாமே, எழும்புறவங்களுக்கு வசதியா இருக்கும்."

அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு இவர் பின்னுக்கும் இல்லை, முன்னுக்கும் இல்லை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவர் என்ன செய்தார் தெரியுமா? பக்கத்து வீட்டில் படுக்கையில் விழுந்த ஓர் அம்மா. பார்த்துக்கொள்ள ஒரே மகள். அந்த மகள் வீட்டைவிட்டு அசைய முடியாது. ஞாயிறு காலை இடியப்ப வேலை முடிந்ததும் பெரியம்மா அங்கே போவார். "நீ பூசைக்குப் போயிட்டு வா, அம்மாவை நான் பார்க்கிறேன்" என்பார். அந்த அம்மாவுக்கு உடம்பு துடைத்து, சீலை மாற்றி, தலை வாரி, கஞ்சி பருக்கிவிட்டு உட்கார்ந்திருப்பார். மகள் கோவிலுக்குப் போய் நற்கருணை வாங்கிக்கொண்டு வருவாள். அந்த அம்மா கண்ணை மூடும்வரை இது நடந்தது.

டீச்சர், உங்கள் பங்குப் பதிவேட்டில் அந்த ஞாயிறுகளில் யார் பூசை கண்டதாக எழுதுவீர்கள்? போன மகளின் பெயரையா, போக விட்டவரின் பெயரையா? எனக்கு விடை தெரியும். உங்களுக்கும் தெரியும், நீங்கள்தானே படிப்பித்தீர்கள்.

யோவான் நற்செய்தியில் நான்காம் அதிகாரமும் நீங்கள் படிப்பித்ததுதான். உச்சிவெயிலில் கிணற்றடிக்குத் தனியாக வந்த சமாரியப் பெண். ஐந்து கணவர் இருந்தவள், இப்போது இருப்பவன் கணவன் இல்லை. இந்த மலையிலும் அல்ல, எருசலேமிலும் அல்ல, ஆவியிலும் உண்மையிலும் தந்தையை வழிபடும் காலம் வருகிறது என்று இயேசு யாரிடம் சொன்னார்? தலைமைக் குருவிடமா? இவளிடம். கல்யாணத்தைக் காட்டி ஊர் பேசிப் பேசி ஒதுக்கிவைத்த ஒருத்தியிடம் அந்தப் பெரிய வார்த்தையை அவர் சொன்னார். இதைவிட எனக்கு வேறு சாட்சி எதற்கு?

ஒரு பெரியம்மாவைக் காட்டி ஊரை அளக்கலாமா என்று எதிரணியில் தம்பி ஒருவர் தலையாட்டுகிறார். சரி தம்பி, ஊரையே அளப்போம்.

1658இல் புரட்டஸ்தாந்து சபையினரான ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். கத்தோலிக்கக் குருக்களைத் துரத்தினார்கள், கோவில்களை எடுத்துக்கொண்டார்கள். குருவை ஒளித்து வைத்தால் மரண தண்டனை என்று சட்டம். ஏறக்குறைய 30 ஆண்டு பூசையில்லை, சுவாமியார் இல்லை, அமைப்பு என்று சொல்ல ஒன்றுமில்லை. 1687இல் கோவாவிலிருந்து யோசேப்பு வாஸ் அடிகளார் கூலியாள் வேடத்தில் வந்து இறங்கினார். கழுத்தில் செபமாலையை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். யாருடைய கண் அந்தச் செபமாலையில் நிற்கிறது என்று பார்த்தார். கண்டுபிடித்தார்! வெறும் வீடுகளுக்குள், பாட்டி பேத்திக்குச் சொல்லிக்கொடுத்த செபத்தில், விசுவாசம் இருந்தது. 2015இல் இதே கொழும்பில் காலி முகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக்கியபோது நாமெல்லாம் அவருக்காகக் கைதட்டினோம். வாசலைத் திறந்த அந்தப் பெயர் தெரியாத பாட்டிமாருக்கும் அதில் பாதிக் கைதட்டல் சேர வேண்டும்.

அதே காலத்தில் ஒல்லாந்தரின் அமைப்பு என்ன செய்தது? ஞானஸ்நானம் இருந்தால்தான் உத்தியோகம், கல்யாணப் பதிவு. சனம் வரிசையில் நின்று பெயர் எழுதியது. 1757இல் கட்டி முடித்த வுல்வெண்டால் கோவில் இன்றும் கொட்டாஞ்சேனைப் பக்கம் மேட்டில் நிற்கிறது, எவ்வளவு கனத்த சுவர்! ஆனால் 1796இல் ஆங்கிலேயர் வந்து அந்தக் கட்டாயம் போனதும், பதிவுக்காகக் கிறிஸ்தவரானவர்களில் பெரும்பாலானோர் சத்தமில்லாமல் பழையபடி போய்விட்டார்கள். பதிவேடு வைத்திருந்த பக்கம் கரைந்தது. பதிவேடே இல்லாமல் அடுப்படியில் முணுமுணுத்த பக்கம் நிலைத்தது. இது எங்கள் தீவில் நடந்தது தம்பி, ரோமாபுரிக் கதையில்லை.

நடுவர் மணியைக் கையில் எடுத்துவிட்டார். ஐயா, ஒரே ஒரு காலையைச் சொல்லிவிட்டு இறங்குகிறேன்.

2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. குண்டு வெடித்த கொச்சிக்கடை அந்தோனியார் கோவில் எங்களுக்கு நடந்து போகிற தூரம். அன்று என்ன நடந்தது என்று இந்த மண்டபத்தில் யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. அடுத்த ஞாயிறு, 28ஆம் தேதி, பூசையில்லை. கர்தினால் ஆண்டகை தம் இல்லத்தில் ஒப்புக்கொடுத்த திருப்பலியைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். எங்கள் ஒழுங்கையில் யாருக்கும் அவரவர் வீட்டில் தனியே இருந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. ஒருவர் பின் ஒருவராகப் பெரியம்மா வீட்டுக்குப் போனார்கள். யாரும் பேசி முடிவெடுக்கவில்லை, கால் அங்கேதான் போனது. வாசற்படிவரை சனம். நான் அந்தப் படியில் நின்றேன்.

அப்போது ஓர் அக்கா வந்தார். வயதாகிவிட்டது, முழங்கால் வருத்தம், மகனின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். யாரென்று கேட்கிறீர்களா? அந்த வாங்கில் இருந்தவர். "பின்னுக்கு இருக்கலாமே" என்றவர். எங்களைப் பார்த்ததும் உள்ளே வரத் தயங்கி ஒழுங்கையிலேயே நின்றார்.

பெரியம்மா எழும்பினார். வீட்டில் கைபிடி வைத்த கதிரை ஒன்றுதான். அதில் இருந்த பொடியனை எழுப்பி, கதிரையைத் தூக்கிக்கொண்டுபோய்த் தொலைக்காட்சிக்கு நேரே வைத்தார். பிறகு வெளியே வந்து அந்த அக்காவின் கையைப் பிடித்தார். "வாங்க அக்கா, முன்னுக்கு வந்து இருங்க" என்றார்.

அந்த அக்கா கதிரையில் இருக்கவில்லை. பெரியம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதார். இருவரும் அழுதார்கள், வீடு முழுக்க அழுதது. பூசை முடியும்வரை பிடித்த கையை இருவரும் விடவில்லை.

இந்த மனத்தை எந்த அமைப்பு அவருக்குக் கொடுத்தது? அவரை ஒதுக்கிய வாங்கு கொடுத்ததா? பல வருடம் ஒருவரும் பார்க்காத அந்த மூன்றரை மணி கொடுத்தது ஐயா! அடுப்பு வெளிச்சத்தில் ஆண்டவரும் அவருமாக இருந்த நேரம் கொடுத்தது!

நடுவர் அவர்களே, தீர்ப்பு உங்கள் கையில். டீச்சர், வருகிற ஞாயிறு நீங்கள் பூசை கண்டுவிட்டு என்னோடு எங்கள் ஒழுங்கைக்கு வர வேண்டும். உங்களுக்கென்று ஓர் அடுக்கு எடுத்துவைக்கும்படி பெரியம்மாவிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டேன். கட்டாயம் கூட்டிக்கொண்டு வா என்றார்.

நன்றி, வணக்கம்.